கணக்கறிந்த வலுசர்ப்பம்

(ஒரு நூலகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கட்டுக்கதைகளில் வரும் ஒரு பிராணியைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு வயது முதிர்ந்த ஒருவன் மேடையேறியிருப்பதைக் கண்டு உங்களில் சிலர் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது. அந்தப் புன்னகையை என்னினும் பல மடங்கு பெரியவர் ஒருவர் எனக்கு முன்பே தாங்கியிருக்கிறார் என்பதே என் தைரியம். 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் நாள், லண்டன் மாநகரில் பிரிட்டிஷ் அகாடமி என்னும் வித்துவத் சபையின் முன்னிலையில், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்துவந்த பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுந்து நின்று, ‘பேவுல்ஃப்’ என்னும் பழங்காவியத்தில் வரும் அரக்கரும் வலுசர்ப்பமும் அக்காவியத்துக்கு நேர்ந்த களங்கங்கள் அல்ல, அவையே அதன் உயிர்நிலை என்று வாதாடினார். அதுவரையில் அந்நூலை ஆராய்ந்த பண்டிதர்கள் அதில் சரித்திரச் செய்திகளைத் தோண்டியெடுப்பதிலேயே கண்ணாயிருந்து, இவ்வளவு கம்பீரமான நடையில் எழுதத் தெரிந்த கவி இத்தகைய பிள்ளைக்கதையை ஏன் பொருளாகக் கொண்டான் என்று வருந்திவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மேடையில் நின்று இவ்வாறு வாதாடிய அதே வேளையில், அந்தப் பேராசிரியர் தாமே ஒரு பிள்ளைக்கதை எழுதி, அதன் தட்டச்சுப் பிரதியைப் பதிப்பாளரிடம் கொடுத்திருந்தார். பதிப்பாளருடைய பத்து வயதுப் புதல்வன் அதைப் படித்துப் பார்த்து, அச்சிடலாம் என்று மதிப்புரை எழுதி, ஒரு ஷில்லிங் கூலியும் பெற்றுக்கொண்டிருந்தான். சபையில் அமர்ந்திருந்த வித்துவான்கள் இதையறிய நியாயமில்லை. மறு ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ‘ஹாபிட்’ என்ற பெயரோடு அந்தக் கதை வெளிவந்தது. அதில் வரும் ஸ்மௌக் என்னும் வலுசர்ப்பமே இன்றைய என் பேச்சுக்கு நாயகன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டிராகன் என்று சொன்னால் இக்காலத்தில் எல்லோருக்கும் விளங்கும். அவ்வாறு சொல்வதில் பிழையும் இல்லை. ஆயினும் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்தப் பிராணியை எதிர்கொண்டபோது வலுசர்ப்பம் என்று எழுதினார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் கனம் எனக்குப் பிடித்திருப்பதால் அதையே ஆளுகிறேன். மேலும் அது பொருத்தமான சொல்லுங்கூட. பழைய ஆங்கிலத்தில் புழுவுக்கும் பாம்புக்கும் வலுசர்ப்பத்துக்கும் ஒரே சொல்தான் வழங்கிற்று. எத்தனை பெரிய சிறகு முளைத்தாலும், வாயில் எவ்வளவு அக்கினி கனன்றாலும், வடபுலத்தாருடைய நினைவில் அது அடிப்படையில் ஊர்ந்து செல்லும் ஒரு ஜந்துதான்.

டோல்கீன் ஏழு வயதுப் பாலகனாக இருந்தபோது வலுசர்ப்பத்தைப் பற்றி ஒரு கதை எழுதினாராம். அதில் வந்த பிராணியைப் ‘பச்சைப் பெரிய’ வலுசர்ப்பம் என்று அவர் வருணித்திருக்க, அன்னை அதைப் படித்துவிட்டு, அப்படிச் சொல்லலாகாது, ‘பெரிய பச்சை’ என்றே சொல்லவேண்டும் என்று திருத்தினாராம். ஏன் அப்படி என்று அன்று எழுந்த கேள்விக்குத் தமக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை என்று முதுமையில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தமிழ்த் தாய் எவளும் இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொண்டிருக்கமாட்டாள்; நம் மொழியில் இரண்டும் செல்லும். ஆனால் சொற்களின் முறைவைப்பில் ஒரு மர்மம் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணமும் வலுசர்ப்பமும் ஒரே நாளில் அந்தச் சிறுவனுடைய நெஞ்சில் புகுந்துகொண்டன என்பதை எண்ணும்போது, பிற்காலத்தில் அவர் ஸ்மௌக்குக்குக் கொடுத்த ஆயுதம் இன்னதென்று அப்போதே நிச்சயமாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த ஆயுதத்தைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

வடபுல இலக்கியத்தில் கருதத்தக்க வலுசர்ப்பங்கள் மிகச் சிலவே என்று டோல்கீன் தம் உரையில் குறிப்பிட்டார். உலகத்தையே சுற்றி வளைத்துக் கிடக்கும் கடற்சர்ப்பத்தை ஒதுக்கிவிட்டால் எஞ்சுபவை இரண்டு. முதலாவது, பேவுல்ஃபுக்கு யமனாக வந்தது. ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் அந்தக் காவியம் பிழைத்திருக்கிறது. 3182 அடிகள் கொண்ட அந்நூல் 1731-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு மாளிகை தீப்பற்றியபோது ஓரங்கள் கருகித் தப்பிற்று. நெருப்பைக் கக்கும் பிராணியைப் பாடிய காவியத்தை நெருப்பே தின்ன வந்தது என்று சொல்லி நாம் சிரிக்கலாம். ஓரங்கள் நொறுங்கி உதிர்ந்ததனால் எழுத்துகளை இழந்துவிட்டுத் தவிக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு அது சிரிப்பாக இராது.

அக்காவியத்தில், தன் குலத்தார் அனைவரையும் இழந்து தனித்து எஞ்சிய ஒருவன், இனி இந்தக் கிண்ணங்களைத் துலக்குவதற்கோ இந்தக் கவசங்களை அணிவதற்கோ ஒருவரும் இல்லையே என்று புலம்பிக்கொண்டு, தன் மூதாதையர் சேர்த்த நிதியையெல்லாம் ஒரு மேட்டின் அடியில் மண்ணுக்கே ஒப்படைத்துவிட்டு மறைகிறான். திறந்து கிடந்த அந்த நிதியறையைக் கண்ட வலுசர்ப்பம் உள்ளே புகுந்து 300 ஆண்டுகள் அதைக் காவல் காத்தது. இந்தக் காவலினால் அதற்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை என்று கவியே சொல்லிவிடுகிறான். பிறகு, அடிமை என்றே பெரும்பாலோர் கொள்ளும் ஒருவன், எஜமானனுடைய கோபத்துக்கு அஞ்சி ஓடிவந்தவன், தற்செயலாக உள்ளே நுழைந்து ஒரே ஒரு கிண்ணத்தைத் திருடிச் செல்கிறான். விழித்தெழுந்த சர்ப்பம் பாறையை மோப்பம் பிடித்து மனிதனுடைய காலடியைக் காண்கிறது. மேட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பின்பு மறுபடியும் உள்ளே போய்க் கிண்ணம் இருக்கிறதா என்று தேடுகிறது. மறுபடியும் வெளியே வருகிறது. மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, அது இல்லையென்று நிச்சயமாகத் தெரிந்த அலமாரியையே நான்காவது முறையாகத் திறந்து பார்க்கும் ஒரு முதியவரை நான் அறிவேன். அந்த முதியவர் நான்தான். ஆகவே இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கொடிய பிராணியின்மேல் எனக்குச் சிறிது இரக்கம் பிறக்கிறது. அந்தி சாய்ந்ததும் அது நாட்டைக் கொளுத்தப் புறப்பட்டது. அரசனுடைய மாளிகையும் எரிந்தது. 50 ஆண்டுகள் அரசாண்ட கிழவன் பேவுல்ஃப் இரும்புக் கேடயம் செய்வித்துக்கொண்டு போருக்குச் சென்றான். உடன் சென்றவர்களில் வீக்லாஃப் என்னும் இளைஞன் ஒருவனைத் தவிர மற்றவர்கள் காட்டுக்குள் ஓடிப்போனார்கள். இருவரும் சேர்ந்து சர்ப்பத்தைக் கொன்றார்கள். அதன் விஷத்தால் அரசனும் மாண்டான். இறந்து கிடந்த சர்ப்பத்தை அளந்து பார்த்து ஐம்பது அடி என்று கவி கணக்குச் சொல்கிறான். ஒரு குலத்தையே கலங்கவைத்த பிராணி, அளந்து பார்த்தால் அவ்வளவுதான். மக்கள் அதைக் கடலில் தள்ளிவிட்டு, எந்த நிதிக்காக இவ்வளவும் நேர்ந்ததோ அந்த நிதியை அரசனுடைய சமாதி மேட்டிலேயே மறுபடியும் புதைத்துவிட்டார்கள். முன்போலவே அது ஒருவருக்கும் பயன்படாமல் அங்கே கிடக்கிறது.

இந்தச் சர்ப்பத்துக்குப் பெயரில்லை, பேச்சும் இல்லை. டோல்கீனுக்கு அதில் ஒரு மனக்குறை. அது போதிய அளவுக்கு வலுசர்ப்பமாக இல்லை, வலுசர்ப்பத்தின் தன்மைகளைத் திரட்டிச் செய்த ஒரு தத்துவமாகவே பாதி நிற்கிறது என்ற பொருள்பட அவர் சொன்னார்.

பேசும் சர்ப்பம் வேண்டுமானால் இரண்டாவதாகிய ஃபாஃப்னிரிடம் போகவேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட வோல்சுங்கர் சரிதத்தில் அவன் வருகிறான். அவன் பிறவியிலேயே சர்ப்பமாக இருந்தவன் அல்லன். கொலையுண்ட சகோதரனுக்கு ஈடாகத் தேவர்கள் கொடுத்த பொன்னுக்காகத் தந்தையைக் கொன்று, பங்கு கேட்ட மற்றொரு சகோதரனைத் துரத்திவிட்டு, பொன்னைக் கொண்டுபோய் ஒரு பாழ்வெளியில் பரப்பி அதன்மேல் படுத்துப் படுத்தே சர்ப்பமாகிப் போனவன். சிகுர்த் என்னும் வீரன் பள்ளம் தோண்டி அதனுள் ஒளிந்திருந்து, மேலே ஊர்ந்து சென்ற ஃபாஃப்னிரை அடியிலிருந்து குத்தினான். சாகும் தறுவாயில் ஃபாஃப்னிர் கேட்ட முதற்கேள்வி, நீ யார், உன் பெயர் என்ன என்பது. சிகுர்த் முதலில் பெயரை மறைத்து, ஏதோ சுற்றிவளைத்துச் சொன்னான்; ஏனெனில் சாகிறவன் பகைவனைப் பெயர் சொல்லிச் சபித்தால் அந்தச் சாபம் பலிக்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. பிறகு வீரத்தின் பெருமை உந்தப் பெயரைச் சொல்லியும்விட்டான். இந்தப் பொன் உனக்கும் யமனாகும் என்று சொல்லிவிட்டு ஃபாஃப்னிர் இறந்தான். அது பொய்க்கவில்லை.

நம் பாட்டிமார் கதைகளிலும் புதையலைப் பூதம் காக்கும். ஆனால் நம்முடைய பூதம் உரியவன் வருமளவும் காத்திருக்கும் ஒரு காவற்காரன். உரியவன் வந்து உரிய முறையில் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளும். வடபுலத்து வலுசர்ப்பத்துக்கு உரியவன் என்று ஒருவன் இல்லை. வைக்கோற்போரில் படுத்த நாய் என்று நாம் சொல்வதே அதற்குப் பொருத்தம். தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது.

இந்த இருவருக்கும் வாரிசாகப் பிறந்தவன் ஸ்மௌக். அந்தப் பெயருக்கு ஆசிரியர் சொன்ன விளக்கமே ஒரு விகடம். ஜெர்மானிய மொழிகளின் மூலமொழியில், ஒரு துவாரத்தின் வழியாக நெருக்கிக்கொண்டு நுழைதல் என்று பொருள்படும் வினைச்சொல்லின் இறந்தகால வடிவம் அது. தாழ்ந்த தரத்து மொழியியல் வேடிக்கை என்று டோல்கீன் 1938-இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் தாமே ஒப்புக்கொண்டார். ஆகக்கூடி, மலையரசையே அழித்த மகா உக்கிரமான பிராணியின் பெயர், ‘பொந்துக்குள் புகுந்தான்’ என்பதுதான். கதாநாயகனாகிய பில்போவும் பொந்துக்குள் வாழ்கிறவனே. இடுப்பளவு உயரமும் காலில் உரோமமும் வேளாவேளைக்குச் சாப்பிடும் வழக்கமும் உடைய அந்தச் சிறியோன், பதின்மூன்று குள்ளர்களோடு பதினான்காவது ஆளாகச் சேர்ந்து, ஸ்மௌக் பறித்துக்கொண்ட தனிமலையின் நிதியை மீட்கப் புறப்படுகிறான். ஸ்மௌக் அதன்மேல் படுத்து அப்போது 171 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வலுசர்ப்பங்களின் இயல்பைக் கதையின் தொடக்கத்திலேயே குள்ளர்களின் தலைவனாகிய தோரின் விவரிக்கிறான். அவை பொன்னைக் கொள்ளையிடும், உயிருள்ளவரை காக்கும், ஆனால் ஒரு பித்தளை மோதிரத்தைக்கூட அனுபவியா. நல்ல வேலைப்பாட்டுக்கும் மட்டமான வேலைப்பாட்டுக்கும் அவற்றுக்கு வேற்றுமை தெரியாது. சந்தை விலை மாத்திரம் நன்றாகத் தெரியும். தாமாக ஒன்றையும் செய்யத் தெரியாது. தங்கள் கவசத்தில் ஒரு செதில் கழன்றுபோனால் அதைப் பொருத்திக்கொள்ளவும் தெரியாது. வலுசர்ப்பத்தின் சரித்திரம் முழுவதும் இந்தச் சில வாக்கியங்களில் அடங்கிக் கிடக்கிறது என்பேன். கடைசியில் சொன்ன செதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில்போவும் முதல் முறை உள்ளே நுழைந்தபோது ஒரே ஒரு கிண்ணத்தைத்தான் எடுத்து வருகிறான். பேவுல்ஃபின் நினைவாகத்தான் இது எழுதப்பட்டதோ என்று கேட்டவர்களுக்கு, எழுதும்போது அந்தக் காவியம் என் பிரக்ஞையில் இல்லை, அந்த இடத்தில் திருட்டைத் தவிர வேறெதுவும் நிகழ்ந்திருக்கும் என்று எண்ணுவது கடினம் என்று டோல்கீன் விடையிறுத்தார். விழித்தெழுந்த ஸ்மௌக்குக்குக் கிண்ணம் காணாமற்போனது உடனே தெரிந்துவிடுகிறது. மலையளவு பொன்னில் ஒரு கிண்ணம்! அனுபவிக்கக்கூடியதற்கு மேல் வைத்திருக்கும் செல்வர்கள், நெடுங்காலமாகத் தங்களிடம் இருந்தும் ஒருநாளும் எடுத்துப் பயன்படுத்தாத ஒரு பொருளைத் திடீரென்று இழந்தால் எப்படிச் சினப்பார்களோ, அப்படிப்பட்ட சினம் அது என்று ஆசிரியர் உவமை கூறுகிறார். நிதிக்கு உரிமையாளனாக இருப்பது வேறு, அதன் கணக்கனாக இருப்பது வேறு. ஸ்மௌக் கணக்கன்.

இரண்டாம் முறை பில்போ போகும்போது நிகழும் சம்பாஷணைதான் நூலின் சிகரம். கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மோதிரத்தை அணிந்துகொண்டு அவன் நிற்கிறான். ஸ்மௌக் மோப்பத்தால் அறிந்து, மிக மரியாதையாக வரவேற்று, யார் நீ என்று கேட்கிறது. சிகுர்த்தின் வழியைப் பின்பற்றிப் பில்போவும் பெயரைச் சொல்லாமல் விடுகதைகளாக விடையளிக்கிறான். வலுசர்ப்பத்திடம் மெய்ப்பெயரைச் சொல்வதும் மடமை, பதில் சொல்ல முடியாதென்று முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதும் மடமை என்று ஆசிரியர் இங்கே ஒரு விதியும் வகுத்துவிடுகிறார். விடுகதை என்றால் சர்ப்பத்துக்கு வெகு பிரீதி. தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கிப்போன பில்போ, தன்னைப் பீப்பாய்மேல் சவாரி செய்தவன் என்றும் ஒரு பட்டப்பெயரால் சொல்லிவிடுகிறான். அது போதும் ஸ்மௌக்குக்கு: பீப்பாய்கள் அருகிலிருந்த ஏரி நகரத்தார் வாணிகத்துக்கு உரியவை, ஆகவே பில்போவுக்கும் குள்ளர்களுக்கும் உதவியவர்கள் அந்த நகரத்தாரே. ஒரு சொல்லில் ஒரு நகரம் எரியப்போகிறது. அதை உதிர்த்தவனுக்கோ தான் நயமாகப் பேசியதாக எண்ணம்.

அதன் பிறகு ஸ்மௌக் தன் மெய்யான ஆயுதத்தை எடுக்கிறது. நெருப்பை உமிழவில்லை. ஒரு கேள்வி கேட்கிறது. உனக்குப் பதினான்கில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லியிருப்பார்களே. நல்லது, அதை எப்படி ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பாய்? வண்டிக் கூலி யார் கொடுப்பார்? வழிக்காவலுக்கு ஆள் உண்டா? சுங்கச் சாவடிகளில் என்ன செய்வாய்? பில்போ திகைத்துப் போகிறான். அந்த நாள்வரையில் அவனோ குள்ளர்களோ இதை யோசித்ததே இல்லை. இவர்கள் என்னை வஞ்சிக்கிறார்களோ என்ற சந்தேகம் அவன் நெஞ்சில் முளைவிடுகிறது. அக்கினியால் உடல் ஒன்றுதான் வேகும். இந்தக் கேள்வி, நண்பனோடு நண்பன் அமர்ந்து உண்ணும் சோற்றிலே விஷம் கலப்பது. ஒரு கூட்டு வியாபாரத்தையோ, ஒரு பாகப்பிரிவினையையோ அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் அந்நியமானதன்று. அன்போடு பேசும், நம்முடைய நன்மைக்கென்றே பேசும், பேசிவிட்டுப் போனபின், கூட இருப்பவர் முகம் வேறாகத் தெரியும். இலக்கியத்தில் எத்தனையோ வலுசர்ப்பங்கள் நகரங்களை எரித்திருக்கின்றன. வண்டிக் கூலியைப் பற்றிக் கேட்டது இது ஒன்றுதான், அதனாலேயே இதனை மிகப் பெரியது என்கிறேன்.

இந்தக் கதையைத் தழுவி 2013-இல் வெளிவந்த திரைப்படத்தை என் பேரனுடைய வற்புறுத்தலுக்கு இணங்கி நானும் பார்த்தேன். சர்ப்பத்துக்குக் குரல் கொடுத்த பெனடிக்ட் கம்பர்பாட்ச் என்னும் நடிகர் அந்தப் பேச்சின் நஞ்சை நன்றாக உணர்ந்தே பேசியிருந்தார். ஆனால் படமெடுத்தவர்களுக்குப் பேச்சில் நம்பிக்கை போதவில்லை. ஓட்டமும் துரத்தலும், உருக்கிய பொன்னை ஆறாகப் பாய்ச்சுவதுமாக நெடுநேரம் கழிந்தது. பேரன் மகிழ்ந்தான். நூலில் ஓர் இருட்டறையில் இருவர் பேசிக்கொண்டிருப்பதைவிடப் பயங்கரமாக அதில் ஒன்றுமில்லை என்று வீடு திரும்பும் வழியில் சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு அப்போது பசி.

பில்போ தன் பேச்சால் கெட்டான் என்றால் ஸ்மௌக் தன் பேச்சால் அழிந்தது. நெடுங்காலம் படுத்துக் கிடந்ததனால் மாணிக்கங்களும் பொற்காசுகளும் அதன் மென்மையான அடிவயிற்றில் பதிந்து ஒரு மார்க்கவசமாகவே ஆகியிருந்தன. பில்போ புகழப் புகழ அகங்காரம் மீறிப் புரண்டு படுத்து, தன் வைரச்சட்டையைக் காட்டிற்று. இடது மார்பில் ஓரிடம் வெறுமையாக இருந்ததைப் பில்போ பார்த்துவிட்டான். உலகத்துப் பொன்னெல்லாம் அடியில் கிடந்தும் அந்த ஓர் இடத்தில் ஒரு காசும் ஒட்டவில்லை. ஒட்டவைத்துக்கொள்ள அதற்குத் தெரியவும் இல்லை. பில்போ இதைக் குள்ளர்களிடம் சொன்னதை ஒரு கிழக் குருவி கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்மௌக் ஏரி நகரத்தின்மேல் பாய்ந்து எரித்தபோது, கடைசி அம்போடு நின்ற பார்ட் என்னும் வில்லாளனுடைய தோளில் அமர்ந்து குருவி செய்தி சொல்லிற்று. வோல்சுங்கர் சரிதத்தில் சிகுர்த்துக்குப் பறவைகளின் மொழி விளங்கியதைப்போலவே இவனுக்கும் அது விளங்கிற்று. மூதாதையர் வழியாக வந்த கறுப்பு அம்பு அந்த வெற்றிடத்தில் தைத்து மறைந்தது.

கொன்றவன் கதாநாயகனாக இல்லாமல், கடைசி நேரத்தில் தோன்றிய அந்நியனாக இருப்பதைப் பலர் கதையின் குறையாகச் சொல்வார்கள். ஆசிரியருடைய பழைய குறிப்புகளில், தூங்கும் சர்ப்பத்தைப் பில்போவே குத்திக் கொல்வதாக ஒரு திட்டம் இருந்ததுண்டு. அதைக் கைவிட்டது நல்லதென்றே எனக்குப் படுகிறது. கொலையோடு கதை முடிகிற நூலாயிருந்தால் கொன்றவன் முக்கியமானவன். இங்கே சர்ப்பம் செத்த பிறகுதான் அதன் ஆட்சி தொடங்குகிறது. தோரின் பொற்குவியலின் நடுவே நாட்கணக்கில் ஒரு மணியைத் தேடி அலைகிறான். நகரம் எரிந்து நடுத்தெருவில் நிற்கும் மக்கள் நியாயமாகக் கேட்ட பங்கை மறுக்கிறான். உதவி செய்தவர்களை நோக்கி அம்பு தொடுக்கிறான். பில்போ அந்த மணியைத் திருட்டாகக் கொண்டுபோய் எதிர்த்தரப்பாரிடம் கொடுத்துச் சமாதானம் தேடுகிறான், போர் மூள்கிறது, தோரின் மாள்கிறான், பேவுல்ஃபின் நிதியைப்போல அந்த மணியும் அவன் மார்பின்மேல் வைத்துப் புதைக்கப்படுகிறது. ஏரி நகரத்தின் தலைவனோ, மக்களுக்கு உதவியாகக் கொடுத்த பொன்னில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு ஓடி, துணைவர்களாலும் கைவிடப்பட்டு, பாழ்நிலத்தில் பட்டினியால் இறந்தான்.

ஸ்மௌக் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. பில்போ ஊர் திரும்பும்போது இரண்டு சிறிய பெட்டிகளை மட்டும் பெற்றுக்கொண்டான். ஒன்றில் வெள்ளி, ஒன்றில் பொன். வலுவான ஒரு மட்டக் குதிரை சுமக்கும் அளவு. வண்டியும் வேண்டியிருக்கவில்லை, படைக்காவலும் வேண்டியிருக்கவில்லை. அதிலும் பெரும்பகுதியைப் பரிசுகளாகக் கொடுத்துச் செலவிட்டுவிட்டான் என்று கதை சொல்கிறது.

ஏரி நகரத்தை மக்கள் வடக்கே தள்ளிப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். பழைய நகரம் இருந்த இடத்தில் சர்ப்பம் வீழ்ந்து கிடந்தது. காற்றில்லாத நாட்களில் படகில் போகிறவர்களுக்கு, எரிந்துபோன தூண்களின் இடையே நீருக்கடியில் அதன் எலும்புகள் தெரியும். வயிற்றில் பதிந்திருந்த மணிகள் சதை அழுக அழுக உதிர்ந்து அங்கேதான் கிடக்கின்றன. அவற்றை எடுக்க அந்தக் குளிர்ந்த நீரில் ஒருவரும் மூழ்குவதில்லை. அந்த இடத்தைப் படகில் கடப்பவர்களும் மிகச் சிலரே.